பெட்டிக்கு மானியம் உண்டு; ராணிக்கு?

திருவள்ளூர் மாவட்டத்தில் தேனீ வளர்க்க ஆசைப்பட்டு இறங்கியவர்களின் வீடுகளுக்குப் போனால், மாட்டுக் கொட்டகைப் பரணிலோ மோட்டார் அறை மூலையிலோ ஒரு காலிப் பெட்டியைப் பார்க்க முடிகிறது. பெட்டி நல்ல பெட்டிதான். பயிற்சிச் சான்றிதழும் சுவரில் தொங்குகிறது. தேனீ மட்டும் இல்லை. என்ன ஆயிற்று என்று கேட்டால் மூன்று பதில்கள் வரும்: "வெயில் தாங்கலை", "சிப்காட் புகை", "பக்கத்து வயல்ல மருந்து அடிச்சாங்க".

மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால், நான்காவது காரணம் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. பெட்டி கொடுப்பவர்களும் சொல்லிக்கொடுப்பதில்லை. பெட்டிக்குள் பழைய ராணி போய்ப் புதிய ராணி வரும்போது இரண்டு வார இடைவெளி விழுகிறது. அந்த இரண்டு வாரத்தைக் கடக்க முடியாமல்தான் பல கூட்டங்கள் அழிகின்றன. வீட்டில் இரண்டே பெட்டி வைத்திருக்கும் விவசாயிக்கு ஒரு ராணி போனால் முதலீட்டில் பாதி போய்விட்டது என்று பொருள்.

தேன் மட்டுமே இங்கே கணக்கு இல்லை. பாகல், பூசணி, வெள்ளரி, தர்பூசணி ஆகியவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தத்தைச் சுமந்து செல்லத் தேனீ வராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும். தோட்டத்து ஓரம் இருக்கும் ஒரு பெட்டியின் பலன் பக்கத்துக் காரர்களுக்கும் சேர்த்துத்தான்.

கன்னி ராணியின் இரண்டு வாரம்

நம் பகுதியில் பெட்டியில் வளர்ப்பது பெரும்பாலும் அடுக்குத் தேனீ எனப்படும் இந்தியத் தேனீ. இதில் முட்டையிட்ட 15 அல்லது 16ஆம் நாளில் ராணி தன் அறையைக் கடித்துக்கொண்டு வெளியே வரும். கூட்டம் இயல்பாகப் பிரிந்து போகும்போதும், நாம் பெட்டியை இரண்டாகப் பிரிக்கும்போதும், சோதனையின்போது பழைய ராணி நசுங்கிவிட்டாலும், அடுத்து வருவது இந்தக் கன்னி ராணிதான்.

வெளியே வந்தவுடன் அது முட்டையிடாது. பறக்கும் வலு வர ஐந்தாறு நாள் ஆகும். அதற்குள் பெட்டி இருக்கும் இடத்தை அடையாளம் கண்டுகொள்ளச் சிறிய பறத்தல்கள். பிறகு ஒரு நல்ல வெயில் நாளில் உயரப் பறந்து, பத்துக்கும் மேற்பட்ட ஆண் தேனீக்களோடு வானிலேயே இணைந்து திரும்பும். அந்த விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு ஆயுள் முழுவதும் முட்டையிடும். திரும்பிய இரண்டு மூன்று நாளில் முட்டையிடத் தொடங்கும். எல்லாம் சரியாக நடந்தால் பிறந்த இரண்டு வாரத்துக்குள் அடையில் முட்டையைப் பார்க்கலாம்.

மழையாலோ வேறு தடையாலோ மூன்று நான்கு வாரம் வரை இணைய முடியாமல் போனால், அந்த ராணி அதற்குப் பிறகு இணைவதில்லை. கருவுறாத முட்டைகளையே இடும். அவற்றிலிருந்து ஆண் தேனீக்கள் மட்டுமே வரும். வேலை செய்யப் புதிய தேனீ பிறக்காத கூட்டம் நாளுக்கு நாள் மெலியும். கடைசியில் மெழுகு அந்துப்பூச்சி வந்து அடையை நூலாம்படையாக்கிவிடும். விவசாயி பார்ப்பது இந்தக் கடைசிக் காட்சியை மட்டும்தான். பூச்சிதான் கூட்டத்தை அழித்தது என்று நினைத்துக்கொள்கிறார்.

ராணி எப்படிச் சாகிறது?

முதலாவது, சகோதரச் சண்டை. ஒரே பெட்டியில் பல ராணி அறைகள் கட்டப்படும். முதலில் வெளிவருவது மற்ற அறைகளைக் கடித்துத் துளைத்து உள்ளே இருப்பவற்றைக் கொட்டிக் கொல்லும். இரண்டு ஒரே நேரத்தில் வந்தால், ஒன்று சாகும் வரை சண்டை. பயன்படுத்தியிருக்கக்கூடிய நான்கைந்து ராணிகள் இப்படி ஒரே இரவில் வீணாகின்றன.

இரண்டாவது, வேலைக்காரத் தேனீக்களின் கோபம். முட்டையிடும் ராணிக்கு உரிய மணம் கன்னி ராணியிடம் இன்னும் முழுமையாக வந்திருக்காது. இந்த நாள்களில் பெட்டியைத் திறந்து குடைந்தால், கலவரமடைந்த தேனீக்கள் ராணியையே பந்துபோலச் சூழ்ந்து கொன்றுவிடுவது உண்டு.

மூன்றாவது, வழி தவறுதல். ஒரே நிறப் பெட்டிகளை ஒரே திசை பார்த்து வரிசையாக வைத்தால், இணைந்து திரும்பும் ராணி பக்கத்துப் பெட்டிக்குள் நுழைந்து சாகும். வழியில் பஞ்சுருட்டான், கரிச்சான் குருவிகளும் குளவிகளும் காத்திருக்கும்.

நான்காவது, நாமே பூட்டி வைப்பது. புதிய கூட்டம் ஓடிவிடாமல் இருக்க வாசலில் ராணித் தடுப்புத் தகடு மாட்டச் சொல்லிக்கொடுக்கிறோம். முட்டையிடும் ராணிக்கு அது சரி. அதே தகட்டைக் கன்னி ராணி இருக்கும் பெட்டியிலும் கழற்றாமல் விட்டால் ராணி எப்படி வெளியே பறக்கும்? ஆண் தேனீக்களும் உள்ளேயே அடைபடும். "ராணி இருக்கு, ஆனா முட்டை இல்லை" என்று சொல்பவர்கள் முதலில் வாசலைப் பாருங்கள்.

மாலை நான்கு மணி

இணையும் நேரத்தைப் பற்றி நம் பயிற்சிகளில் போதிய அளவு பேசுவதில்லை. இலங்கையில் செய்யப்பட்டு 1976இல் வெளியான ஓர் ஆய்வு, மூன்று வகைத் தேனீக்களின் ஆண்கள் பறக்கும் நேரத்தைக் குறித்தது. கொம்புத் தேனீயின் ஆண்கள் நண்பகல் 12 மணி முதல் பிற்பகல் இரண்டரை மணி வரை. அடுக்குத் தேனீயின் ஆண்கள் மாலை நாலேகால் முதல் ஐந்தேகால் வரை. மலைத் தேனீயின் ஆண்கள் ஆறு மணிக்கு மேல், அந்தி நேரத்தில். ஒரே வானத்தை மூன்று இனங்களும் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. இடத்துக்கு இடம் நேரம் சற்று மாறும். ஆனாலும் நம் அடுக்குத் தேனீக்கு மதியத்துக்குப் பிந்தைய நேரம்தான் முக்கியம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதைக் கும்மிடிப்பூண்டிப் பகுதியோடு பொருத்திப் பாருங்கள். இங்கே பெட்டி வைத்திருப்பவர்களில் பலர் முழுநேர விவசாயிகள் அல்ல; ஆலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். முதல் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பி, சாப்பிட்டு, பெட்டியைத் திறந்து பார்க்கும் நேரம் மூன்றரை, நான்கு மணி. ராணி வெளியே போகும் அல்லது வீடு திரும்பும் நேரத்தில் மூடி திறந்து கிடக்கிறது, புகை மணம், வாசலில் ஆள். கன்னி ராணி இருக்கும் பெட்டியை அந்த நேரத்தில் தொடவே கூடாது. தவிர்க்க முடியாமல் பார்க்க வேண்டுமானால் காலையிலேயே பார்த்து முடித்துவிடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. "தேனீக்குப் பாதிப்பு வராமல் மாலையில் மருந்து தெளியுங்கள்" என்பது நாம் எல்லோரும் சொல்லும் அறிவுரை. விவசாயியின் கணக்கில் மாலை என்பது நான்கு மணிக்குத் தொடங்கிவிடுகிறது. விசைத் தெளிப்பானின் சாரல் காற்றில் மிதக்கும் அந்த நேரம்தான் ஆண் தேனீக்கள் பறக்கும் நேரம். மேயப் போன தேனீக்களும் இன்னும் பெட்டி திரும்பியிருக்காது. எனவே, அறிவுரையைத் திருத்திச் சொல்ல வேண்டும்: பூச்சிமருந்து தெளித்தே ஆக வேண்டும் என்றால், பொழுது சாய்ந்து தேனீக்கள் அடங்கிய பிறகு தெளியுங்கள்.

தொழிற்பேட்டையின் வெளிச்சமும் மரமும்

புகை, தூசு பற்றி நிறையப் பேசுகிறோம். தேனீ வளர்ப்பவர் இன்றே சரிசெய்யக்கூடியது வெளிச்சம். இரவு முழுவதும் எரியும் ஆலை விளக்கு பெட்டியின் வாசலில் விழுந்தால் தேனீக்கள் இரவிலும் வெளியே வந்து விளக்கடியில் விழுந்து சாகும். ராணி மாறும் கூட்டத்தில் புதிய தேனீ பிறப்பது சில வாரங்கள் நின்றுபோயிருக்கும். இருக்கும் தேனீக்களையும் விளக்குக்குப் பலி கொடுத்தால் ராணியைக் கவனிக்க ஆள் இருக்காது. வாசலை விளக்குக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள். முடியாவிட்டால் ஓர் ஓலைத் தட்டியாவது மறைப்பாகக் கட்டுங்கள்.

அடுத்தது ஆண் தேனீ. நம் பெட்டி ராணி இணைவது பெரும்பாலும் சுற்றுவட்டாரத்து மரப்பொந்துகளிலும் பிற பெட்டிகளிலும் பிறந்த ஆண்களோடு. பொந்துள்ள பழைய புளிய மரமும் நாவல் மரமும் வெட்டப்பட்ட ஊரில் அந்த ஆண்கள் எங்கிருந்து வரும்? ஊரில் இருக்கும் எல்லாப் பெட்டிகளும் ஒரே தாய்க் கூட்டத்திலிருந்து பிரித்தவை என்றால் சிக்கல் இன்னும் அதிகம். நெருங்கிய உறவுக்குள் இணைந்த ராணியின் முட்டைகளில் ஒரு பகுதி, பெண்ணாக வேண்டியவை, பயனற்ற ஆண் புழுக்களாகிவிடும். வேலைக்காரத் தேனீக்கள் அவற்றைத் தின்றுவிடும். அடை முழுக்க நிரம்பாமல் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தால் இதையும் சந்தேகிக்க வேண்டும்.

கன்னியாகுமரி சொல்லும் பாடம்

தமிழகத்தில் தேனீ என்றால் மார்த்தாண்டம்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சியில் பாதிரியார் நியூட்டன் வடிவமைத்த பெட்டியும், 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் தொடங்கிய பயிற்சியும் அங்கே குடும்பம் குடும்பமாகத் தேனீ வளர்ப்பைப் பரப்பின. 1991-92இல் தாய்லாந்து பைப்புழு நோய் எனப்படும் வைரஸ் நோய் தென்னிந்தியா முழுவதும் பரவியபோது அந்தக் கூட்டங்களில் பெரும்பாலானவை அழிந்தன. புழுக்கள் பை போல நீர் கோத்து அறைக்குள்ளேயே செத்தன. அதன் பிறகு தொழில் மீண்டும் எழுந்தது, நோயைத் தாங்கித் தப்பிய கூட்டங்களையும் காட்டிலிருந்து பிடித்த கூட்டங்களையும் பெருக்கித்தான்.

அங்கே தலைமுறை தலைமுறையாகக் கூட்டம் பிரிப்பவர்களுக்கு ராணி அறையைப் பார்த்தவுடன் அதன் வயது தெரியும். பிஞ்சு அறையைத் தொடக் கூடாது, முற்றியதைத்தான் எடுக்க வேண்டும் என்பது கைப்பழக்கம். நாம் அங்கிருந்து பெட்டியைச் சுமார் 700 கிலோமீட்டர் லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிறோம். அந்தக் கைப்பழக்கத்தைக் கொண்டுவருவதில்லை. பெட்டியோடு நோயும் பயணம் செய்யலாம் என்பதை 1991இன் அனுபவம் நமக்குச் சொல்லியிருக்கிறது. இந்த மாவட்டத்து வெயிலையும் மழையையும் தாங்கி இரண்டு மூன்று ஆண்டு நிலைத்த கூட்டங்களிலிருந்து ராணி வளர்ப்பதுதான் நமக்கு நல்லது.

ராணியைக் காப்பாற்றும் முறை

காலத்தைத் தேர்ந்தெடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கூட்டம் பிரிக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் நாள்கணக்கில் ராணி பறக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் இந்த மாவட்டத்தில் அடித்த அடி நினைவிருக்கும். அக்னி நட்சத்திரமும் வேண்டாம். தை முதல் பங்குனி வரை, மா பூத்து, புங்கம் மொட்டு விடும் காலம் ஏற்றது.

ஆண் தேனீயைப் பார்த்துவிட்டுப் பிரியுங்கள். ஆண் தேனீ முட்டையிலிருந்து வெளிவர 24 நாள், இணையும் பக்குவம் வர மேலும் 12 நாள் அளவு ஆகும். அடையில் மேடாக, நடுவில் ஊசித் துளையோடு மூடிய அறைகள்தான் ஆண் அறைகள். அவற்றிலிருந்து ஆண்கள் வெளிவந்து அடைமேல் நடமாடத் தொடங்கிய பிறகு பிரித்தால், ராணியும் ஆணும் ஒரே காலத்தில் தயாராகும்.

முட்டையும் இளம்புழுவும் உள்ள அடைகளோடு, ராணி இல்லாமல் பிரித்த பகுதியில், 8 அல்லது 9ஆம் நாள் காலையில் ராணி அறைகளைப் பாருங்கள். நீண்டு நேராக, பருத்து இருப்பதில் ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள். மிச்சத்தை வெட்டி எறிய வேண்டாம். நுனியில் மெழுகு உதிர்ந்து பழுப்பு நிறத்தில் காகிதம் போலத் தெரியும் முற்றிய அறையை, சுற்றியுள்ள அடையோடு கத்தியால் அகலமாக அறுத்தெடுத்து, முந்தைய நாளே ராணியை நீக்கிய இன்னொரு பெட்டியில், புழு அடைகளுக்கு நடுவே, நுனி கீழ்நோக்க வைக்கலாம். குலுக்கக் கூடாது, கவிழ்க்கக் கூடாது, வெயிலில் காட்டக் கூடாது. வெளிவந்த கன்னி ராணியை அறிமுகப்படுத்துவதைவிட முற்றிய அறையைக் கொடுப்பது எளிது. தன் பெட்டியிலேயே பிறந்த ராணியைத் தேனீக்கள் எளிதில் ஏற்றுக்கொள்ளும்.

உடனே கொடுக்கப் பெட்டி இல்லையென்றால், ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாகக் கம்பிவலைக் கூண்டு மாட்டுங்கள். பிறக்கும் ராணிகள் ஒன்றையொன்று கொல்லாது. பொடித்த சர்க்கரையைத் தேன் விட்டுக் கெட்டியாகப் பிசைந்த உருண்டையைக் கூண்டில் வையுங்கள். அந்தத் தேன் நோயில்லாத உங்கள் சொந்தப் பெட்டித் தேனாக இருக்கட்டும். கடைத் தேன் வழியாக நோய் வரலாம். ஐந்தாறு இளம் வேலைக்காரத் தேனீக்களையும் உள்ளே விட்டு, கூண்டை ராணியில்லாத வலுவான பெட்டியின் புழு அடைகளுக்கு நடுவே வைத்தால் 33 முதல் 35 டிகிரி வெப்பத்தைக் கூட்டமே பார்த்துக்கொள்ளும். இது சில நாள்களுக்கான ஏற்பாடு மட்டுமே. ஒரு வாரத்துக்குள் ராணி பறக்க வழி செய்துவிட வேண்டும்.

வேறு ஊருக்கு எடுத்துச் செல்பவர்கள் கூண்டை வண்டியின் டிக்கியில் வைக்காதீர்கள். மூடிய டிக்கி வெயிலில் அடுப்பாகிவிடும். சட்டைப் பையில் வையுங்கள். வலைமேல் ஒரு சொட்டு நீர் விடுங்கள். அமெரிக்காவில் 1880களில் பிராங்க் பெண்டன் என்பவர் உருவாக்கிய சிறிய மரக் கூண்டில்தான் ராணிகள் தபாலில் நாடு முழுவதும் போகத் தொடங்கின. மூன்று குழி குடைந்த ஒரு கட்டை, ஒரு குழியில் சர்க்கரை உருண்டை, மேலே கம்பிவலை. நம் ஊர்த் தச்சர் அரை மணி நேரத்தில் செய்துவிடுவார்.

பிரித்த பெட்டியில் தேனீ குறைவாக இருந்தால் அடுக்குத் தேனீ ஓடிவிடும். மூடாத புழு உள்ள ஓர் அடையும் தேன் உள்ள ஓர் அடையும் கட்டாயம் இருக்க வேண்டும். பெட்டிக் கால்களை நீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. பெட்டிகளுக்கு வேறு வேறு வண்ணம் அடியுங்கள். வாசல்களை வேறு வேறு திசைக்குத் திருப்புங்கள்.

மானியம் எதற்கு?

மத்திய அரசின் தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கு 2020-21 முதல் மூன்று ஆண்டுக்கு 500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. தோட்டக்கலைத் திட்டங்களிலும் பெட்டிக்கும் கூட்டத்துக்கும் மானியம் உண்டு. நல்ல திட்டங்கள். ஆனால், களத்தில் கணக்கெடுப்பது எத்தனை பெட்டி வழங்கினோம் என்பதைத்தான். அடுத்த ஆண்டு அவற்றில் எத்தனையில் ராணி முட்டையிடுகிறது என்று யார் எண்ணுகிறார்கள்?

மானியத்தின் ஒரு பகுதியைப் பெட்டி கொடுக்கும்போதும், மறுபகுதியை அடுத்த பருவத்தில் முட்டையுள்ள அடையைப் பார்த்த பிறகும் கொடுக்கலாம். திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. நெல்லுக்கு விதைப் பண்ணை இருப்பதுபோல, மாவட்டத்துக்கு ஒரு ராணிப் பண்ணை அங்கே அமையலாம். பெரிய கட்டடம் எதுவும் வேண்டாம். தேர்ந்தெடுத்த சில தாய்க் கூட்டங்கள், சிறிய இணைப்புப் பெட்டிகள், கைப்பழக்கம் உள்ள இரண்டு பேர். தை மாதத்தில் முற்றிய ராணி அறையும், மாசியில் இணைந்த ராணியும் விவசாயிக்குக் கிடைத்தால் போதும்.

ஆலைகளுக்கும் இதில் பங்கு உண்டு. சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனையாகப் பசுமைப் பட்டை வளர்க்க வேண்டிய இடத்தில் அழகுக்காக ஒரே வகை மரத்தை வரிசையாக நடுவதற்குப் பதில் புங்கன், நாவல், வேம்பு, புளி என்று கலந்து நடட்டும். கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய் கண்டிகையிலும் மதிலோரம் பூக்கும் மரம் தேனீக்கு மேய்ச்சல். நாளை அதே மரத்தின் பொந்தில் கூட்டம் குடியேறினால், நம் ராணிக்கு ஆணும் கிடைக்கும்.

"காட்டில் தேனீ தானாகத்தானே வாழ்கிறது, இத்தனை பாடு எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். காட்டிலும் கன்னி ராணிகள் சாகின்றன. அங்கே நூறு கூட்டத்தில் இருபது போனால் மீதி எண்பது பிரிந்து அந்த இடத்தை நிரப்பும். இரண்டு பெட்டி வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. இந்த வேலைக்கு ஆகும் செலவும் கொஞ்சம் கம்பிவலை, ஒரு கைப்பிடிச் சர்க்கரை, பொறுமை. புதுக் கூட்டம் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

இந்தத் தையில் பெட்டி பிரிக்கப் போகிறவர்கள் மூடிமேல் சாக்பீஸால் மூன்று தேதிகளை எழுதி வையுங்கள். பிரித்த நாள் ஜனவரி 20 என்றால், ராணி அறை பார்க்கும் நாள் ஜனவரி 28. மீண்டும் திறக்கும் நாள் பிப்ரவரி 15. இடையில் வாசலை மட்டும் பாருங்கள். தேனீக்கள் காலில் மகரந்தத்தோடு உள்ளே போய்க்கொண்டிருந்தால் கலங்க வேண்டாம். பிப்ரவரி 15 அன்று அறைக்கு ஒரு முட்டை, அடியில் நட்டுக்குத்தலாக நின்றால் ராணி வெற்றி. ஓர் அறையில் இரண்டு மூன்று முட்டைகள் தாறுமாறாகக் கிடந்தால் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கிவிட்டன என்று பொருள். முட்டையே இல்லையென்றால் வேறு பெட்டியிலிருந்து இளம்புழு உள்ள அடையை ஒன்று கொடுத்துப் பாருங்கள். அதில் ராணி அறை கட்டினால் உள்ளே ராணி இல்லை. கட்டாவிட்டால் ராணி இருக்கிறது. இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். அப்போதும் முட்டை இல்லையென்றால் அந்த ராணியை நீக்கிவிட்டு, நடுவில் ஒரு செய்தித்தாளை விரித்து, கூட்டத்தை வலுவான பெட்டியோடு சேர்த்துவிடுங்கள். பெட்டி ஒன்று குறையும். அதிலிருந்த தேனீக்களாவது மிஞ்சும்.